இருசுக்கு மேல் எடை

"என்னத்தைங்க ஏத்தோணும்?" என்றார் நாச்சிமுத்து.
காற்று என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"காத்து எத்தனை கிலோங்க?"

பட்டறை வாசலில் எலும்பு மட்டுமாய் மூன்று பஸ்கள்.
கரூரிலிருந்து கடல் ஐந்து மணி நேரம்.
சிலிண்டர் பதினாலு, ஈயக்கட்டி ஆறு,
மிதவைச் சட்டை, துடுப்பு, ஈர உடை என்று
ஒரு பழைய பில்லின் முதுகில் கூட்டினார்.
தண்ணீருக்குள் எடையே இல்லாமல் தொங்கப்போகிறவள்
அதற்கு முன் முந்நூறு அடி மணலில்
முப்பது கிலோவோடு மூச்சு வாங்க வேண்டும்.

கேஸ் வண்டி பார்த்தாயிற்று.
இரும்புச் சக்கரம், இரண்டாவது உருளலிலேயே புதைந்து
பிடிவாதக் கழுதையாய் நின்றது.
காய்கறிப் பை வண்டி போகும்போது போனது,
வரும்போது அச்சு வாழைத்தண்டாய் முறிந்தது.
வெளிநாட்டு வண்டியின் பலூன் சக்கரம் அழகுதான்.
விலை என் இரண்டு மாதச் சம்பளம்.
படுக்கை விரிப்பில் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று
நாளெல்லாம் எண்ணுகிறவளின் சம்பளம்.

"உப்புங்களா? அப்ப பேரிங் ஆகாதுங்க.
நைலான் புஷ் போட்டுக்கலாம்.
பைப்பும் முந்நூத்திநாலு பத்தாது, பதினாறு வேணும்.
டயர் மொபெட்டுது. பாதிக் காத்து போதும்,
கெட்டிக் காத்து மணலைத் தோண்டும்."
அடித்தகட்டில் வடிகால் ஓட்டைகள்.
சக்கரத்தைக் கழற்ற ஒரே ஒரு பின்,
காரின் டிக்கிக்குள் படுக்கிற அளவில்.
சிலிண்டர் உரசாமல் வளையத்துக்குச் சைக்கிள் டியூப்.
சொல்லிக்கொண்டே தரையில் சாக்பீஸால் வரைந்தார்.
வரைந்தவர் நிமிர்ந்தார்:
"வளையம் ஒண்ணுங்களா, ரெண்டுங்களா?"

ரெஹானாவின் வலது செவிப்பறை தை மாதம் கிழிந்தது.
இனிமேல் மாடிப்படிதான் ஆழம் என்று
அவளே எழுதி அனுப்பினாள்.
பிறகு மூன்று மாதமாய்
தொட்டிச் செடிகளின் படங்கள் மட்டும்.
தனியாக இறங்காதே என்பதுதான்
எங்களுக்கு முதல் நாள் முதல் பாடம்.

ரெண்டு, என்றேன்.

"கைப்பிடி எவ்வளவு உசரம்?"
மூணடி ரெண்டு, என்றேன்,
அளக்காமலே.

ஞாயிறு காலை ஆறு மணி. அமராவதி மணல்.
இடது வளையத்தில் சிலிண்டர்,
வலதில் எடை சமமாக இருக்க வேண்டுமே,
இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்.
அதில் ஆறு லிட்டரை மணலுக்குக் கொடுத்தேன்.
கிரிக்கெட் பையன்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள்.
"அக்கா, ஆக்ஸிஜனா? யாருக்கு?"
எனக்குத்தான்.
"ஒடம்புக்கு என்னாச்சு?"
மட்டையைக் கீழே போட்டுவிட்டு
இரண்டு பேர் தள்ள வந்தார்கள்.
வேண்டாம், பார்க்கத்தான் வந்தேன்,
ஒற்றை ஆள் இழுத்தால் வருகிறதா என்று.

வந்தது.
நாச்சிமுத்து என்னைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்து நடந்தார்.
"எடை இருசு மேல உக்காந்துட்டா
கைக்குப் பாரமில்லீங்க."
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
முழங்கால் தண்ணீர் வரை தானே தள்ளிப்போனார்.
டயருக்குள் இருந்த பாதிக் காற்று
வண்டியைத் தூக்கியது.
"அட, மொதக்குதுங்களே!"
பஸ் கட்டுகிறவர் அப்போதுதான் சிரித்தார்,
மிதக்கிற ஒன்றை முதன்முதலாய்க் கட்டிய ஆள்.

கரையேறும்போது என் மணிக்கட்டைக் கவனித்தார்.
தோள் லேசாய்த் தூக்கி, முழங்கை மடங்கி.
"உங்களுக்கு ரெண்டங்குலம் ஜாஸ்தியா இருக்குதுங்க.
அறுத்து வெல்டு வெச்சுரட்டுங்களா?
பத்து நிமிச வேலை."

இருக்கட்டுங்க, என்றேன்.

ஒரு நிமிடம் நின்றார்.
அந்தத் தண்ணீர்க் கேனைப் பார்த்தார்.
பிறகு மடியிலிருந்து சாக்பீஸ் எடுத்து
பஸ்ஸில் எழுதுகிற பழக்கத்தில்
கைப்பிடியின் அடியில் உயரத்தை எழுதினார், 3-2.
கீழே ஓட்டைகள் வழியே
ஆறு சொட்டிக்கொண்டிருந்தது.