ஓடுபாதைக்கு வடக்கே

எங்கள் தெருவில் வாக்கியத்துக்கு நடுவே
விமானம் போகும்.
"உப்பை எடுத்து" என்று நிறுத்தி
கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி
கூரைத் தகரம் அதிர்ந்து அடங்கும்வரை நின்று
"வா" என்பேன்.
கல்யாணமான புதிதில் எடில்பெர்த்தோவுக்குச் சிரிப்பு வரும்.
அந்த விமானங்களுக்குப் பெட்டி ஏற்றுகிறவனே அவன்தான்.
இப்போது அவனும் நிறுத்துகிறான்,
சண்டையில்கூட.
பாதிச் சண்டைகள் அந்த இடைவெளியில்தான்
எதற்கென்று மறந்துபோயின.

குருவிகளை ஒலிப்பதிவு செய்வது என் வேலை.
ஹபோக்கே சதுப்பின் ஓரம், கோரைக்குள்,
ரப்பர் பூட்ஸில் தண்ணீர் ஏற,
விடிகாலை மூன்றே முக்கால்.
நாலரைக்கு மயாமி சரக்கு விமானம்.
அதற்குள் பாடி முடிக்க வேண்டும் என்று
கொப்பெத்தோனுக்குத் தெரியும்.

கைக்குள் அடங்குகிற உடம்பு,
கழுத்தில் துருநிறப் பட்டை,
வாராத தலை.
சன்னல் விளிம்பில் அரெப்பாத் துணுக்கு பொறுக்கும்போதும்
பொகோட்டாவில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் பார்ப்பது திரையில்.
கீழே இரைச்சல், தடித்த சாம்பல் சேறு.
அதற்கு மேலே
பாவாடையைத் தூக்கிப் பிடித்து நடப்பவள்போல
சேறு படாமல் மூன்று கீற்று,
கடைசியில் ஒரு நடுக்கம்.
மலைப்பக்கத்தில் இதே குருவி
தாழ்ந்த சுரத்தில் தொடங்கும்.
இங்கே அந்தச் சுரமே இல்லை
என்றுதான் நானும் அறிக்கை எழுதியிருந்தேன்.

நீலமும் மஞ்சளுமாக வளையமிட்ட இளசு ஒன்று
முள்வேலியில் உட்கார்ந்து
வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தது.
பிறகு வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல
முணுமுணுப்பு.
எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தது,
கதவுக் கிரீச்சைக்கூட.
பிறகு ஒருநாள் பாட்டு இறுகிவிட்டது,
ஈரச் சிமெண்டில் நாய் மிதித்த தடம்
காய்ந்துபோவதுபோல.

ஆகஸ்டில் தார் பெயர்ந்து
வடக்கு ஓடுபாதையைப் பதினோரு நாள் மூடினார்கள்.
முதல் நாள் ரோசால்பா தெருவுக்கு வந்து
யார் வீட்டில் சாவு என்று கேட்டாள்.

மூன்றாம் நாள்
சிவப்பு வளையக் கிழட்டு ஆண்
அரைமணி நேரம் தாமதமாக, அவசரமில்லாமல்,
தாழ்ந்த சுரத்தில் தொடங்கியது.
கருவியில் கோளாறு என்று நினைத்தேன்.
பேட்டரியை மாற்றினேன்.
மறுபடியும் அதே சுரம்.
இத்தனை வருஷம்
எங்கே வைத்திருந்தாய் அதை?

பத்தடி தள்ளி இளசு பதில் சொன்னது,
உச்சியில், கீச்சென்று,
இல்லாத விமானத்துக்கு மேலே.
கிழடு தாழ்த்தித் தாழ்த்திப் பாட
அது அதே உயரத்தில் நின்றது.
பிடிவாதமில்லை.
அதன் பாட்டுக்குக் கீழே படிக்கட்டே கிடையாது.

அன்று ராத்திரி சாப்பாட்டில்,
நாலு வயது டூவான்,
"டீச்சர் பெட்டியில ஒரு ஆமையைக் கொண்டு" என்றவன்
நிறுத்தினான்.
வாய் திறந்தபடி, கண் கூரையில்.
வெளியே ஒன்றுமில்லை.
குளிர்பெட்டி ஓடுவது கேட்டது.
எடில்பெர்த்தோ கரண்டியை வைத்தான்.
ஏழு, எட்டு, ஒன்பது.
"வந்தாங்க" என்று முடித்துவிட்டு
சூப்பில் கிடந்த சோளத்தைத் தேடினான்.
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.
ஆமைக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

பன்னிரண்டாம் நாள் நாலரைக்கு மயாமி போனது.
கிழடு பாவாடையைத் தூக்கிக்கொண்டது.

பதினோரு நாள் பதிவுகளுக்கு
இன்னும் படிவம் நிரப்பவில்லை.
மூன்றாம் நாளதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.
சுரம், இடைவெளி, சுரம்,
அவற்றினூடே வேறு ஏதோ,
கோரை உரசுவதுபோல,
ஆனால் சீராக.
நெடுநேரம் கழித்துத்தான் பிடிபட்டது.

பின்னணி இரைச்சல் என்ற கட்டத்தில்
பென்சிலால் எழுதினேன்:
பதிவு செய்தவளின் மூச்சு.