அதலைக்காய்க்குத் தண்ணீர் ஆகாது

இரவுப் பணி முடிந்து
பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால்
கீழக்கரைச் சந்தை அப்போதுதான்
சாக்கை உதறி விரிக்கும்.
கண்ணில் இன்னும் மூன்றாம் வார்டின் குழல்விளக்கு.
கையில் ஒயர்கூடை,
அதன் அடியில் போன வாரத்து வெங்காயச் சருகு.

முதலில் மீன்.
மீன் இல்லை.
பாம்பனில் கூண்டு ஏற்றி மூன்று நாள்,
வத்தை ஒன்றும் இறங்கவில்லை.
ரொசாலியின் பலகையில்
லாரியில் வந்த சாளை மட்டும்
கண் வெளுத்துக் கிடந்தது, ஐஸ் தண்ணீரில்.
செவுளைத் தூக்கப் போனேன்.
"பார்க்காதீக சிஸ்டர்,
பார்த்தா வாங்க மாட்டீக."
பார்த்தேன். வாங்கவில்லை.
அவளுக்கும் எனக்கும் அதில் வருத்தமில்லை.

அடுத்த கடையில் சீனி ஆமினா
முண்டு மிளகாயை ஒவ்வொன்றாய்க்
காதருகே குலுக்கிக்கொண்டிருந்தாள்.
விதை கலகலத்தால் பைக்கு,
ஊமையாய் இருந்தால் திரும்பக் குவியலுக்கு.
"அரைக் கிலோவுக்கு இப்படிக் காது கொடுத்தா
லுஹர் ஆயிரும் தாயே" என்றார் ஹபீப் கனி.
"போன தடவை நீங்க போட்டது
டப்பாவுக்குள்ளயே பூத்துப்போச்சு காக்கா."
அவர் வாயை மூடிக்கொண்டார்.
ஐப்பசி ஈரத்தில்
காதைத் தவிர யாரை நம்புவது?
நானும் கால் கிலோ குலுக்கினேன்.

தண்டங்கீரைக்குத் தெளிக்கிற தண்ணீர்
குடம் பன்னிரண்டு ரூபாய் இந்த ஊரில்.
அந்தப் பன்னிரண்டையும்
கட்டுக்குள் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.
உதறி வாங்க வேண்டும்.
உதறினால் திட்டுவார்கள்.

கடைசியில் இருளாயி.
சிக்கல் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள்,
மடியில் உரச்சாக்கு.
சாக்கில் அதலைக்காய்:
சுண்டுவிரல் நுனிப் பருமன், உடம்பெல்லாம் வரி.
யாரும் விதைப்பதில்லை.
கரிசலில் நாலு மழை விழுந்தால்
வரப்போரம் தானாகக் கொடி ஓடும்.
உழக்கால் அளப்பாள்,
அளந்ததும் உள்ளங்கையால் தலை தட்டிவிடுவாள்.
கொசுறு கேட்டால் காது கேளாது.

அளந்த கையோடு மாத்திரை அட்டையை நீட்டினாள்.
"இது காலைக்கா, ராவுக்கா?"
பாதி வெட்டிய அட்டை.
பேர் இருந்த பாதி
போன வாரத்து மாத்திரைகளோடு போய்விட்டது.
மிச்சம் இருந்தது காலாவதித் தேதி மட்டும்.
"ஆஸ்பத்திரிக்கு வா, பார்த்துச் சொல்றேன்."
"சந்தை நாள்ல எப்படி வர?"
"சந்தை இல்லாத நாள்ல?"
"அன்னைக்கித்தான காய் பொறுக்கணும்."
தண்ணீர் நிறையக் குடி என்றேன், வேறென்ன சொல்ல.
அவள் என் கூடையைக் காட்டினாள்:
"இதுக்குத் தண்ணி காட்டிறாதீக. ஆகாது."

வீட்டில், பாதித் தூக்கத்தில்,
பதினோரு வருடப் பழக்கத்தில்,
எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிக்
குழாயைத் திறந்துவிட்டுப் படுத்தேன்.

டப்.

எந்தக் கட்டில் என்று எழுந்து ஓடினேன்.
டப். டப்.
அடுக்களைச் சுவரில் விதை,
அரிசி டின் மேல் விதை,
சட்டித் தண்ணீரில் வாய் பிளந்த காய்கள்.
அதில் ஒன்று என் கண்ணெதிரே வெடித்தது,
கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவர் மாதிரி.

வெடித்ததையும் வெடிக்காததையும் அள்ளிப் போட்டு
நல்லெண்ணெயில் வதக்கினேன்,
காய்ந்த கூனி ஒரு பிடி,
குலுக்கி வாங்கிய மிளகாய் நாலு.
கசப்பு நாக்கில் ஏறிச்
சாயங்காலம் வரை இறங்கவில்லை.
அப்படியொரு தூக்கம் தூங்கினேன்.

அடுத்த வாரம்
நான் சாக்கருகே குந்துவதற்குள்
இருளாயி சிரித்துவிட்டாள்.
"வெடிச்சிருச்சா?"
எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.
உழக்கு, தலைத்தட்டு, முழு விலை.
பிறகு அட்டை.
இந்த முறையும் பேர் இல்லாத பாதி.

கூண்டை இறக்கிவிட்டார்கள் போல.
ரொசாலியின் பலகையில் முரல்,
ஊசி வாயும் முதுகு நீலமும் அப்படியே.
நான் குனிவதற்கு முன்
அவளே செவுளைத் தூக்கிக் காட்டினாள்.