ஏழரை

ரொறன்ரோவிலிருந்து கௌசி அனுப்பிய பார்சலில்
சொக்கிலேற்றுக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் நடுவில்
சுருட்டி வைத்த மெத்தை ஒன்று.
பூனைக்காம்.
செருகினால் சூடேறுமாம்.
அவளுடைய பூனை பனி கொட்டும் மாதமெல்லாம்
அதைவிட்டு எழும்புவதே இல்லையாம்.

இங்கே சீமெந்து குட்டி போட்டு ஒன்பது நாள்.
(நிறம் அப்படி. வேறு பெயர் யோசிக்கவில்லை.)
மூன்று குட்டி. கண் இன்னும் கீறலாய்த்தான் திறந்திருக்கிறது.
மல்லாவியில் மார்கழி மழை விட்டு
வவுனிக்குளப் பக்கத்துக் காற்று
ஓட்டுக்கும் சுவருக்கும் இடையால் நுழைகிற கிழமை.

செருகினோம்.
மெத்தையின் பின்புறம் நூற்றுப்பத்து என்றிருந்ததைப்
பிறகுதான் பார்த்தோம்.
எங்கள் சுவரில் இருநூற்று முப்பது.
டிக் என்றது. ரிப்சுவிச் விழுந்தது.
இருட்டுக்குள் றப்பர் கருகிய மணம்.
"கனடாச் சூடு இவ்வளவுதான்," என்றார் தவபாலன்.
அடுத்த வளவு நாய் குரைக்கும்வரை சிரித்தோம்.
குட்டிகள் கத்திக்கொண்டே இருந்தன.

நான் ஆஸ்பத்திரியில் சிற்றூழியர். பிரசவ விடுதி.
எடை குறைந்து பிறந்த பிள்ளைகளை,
கரண்ட் நின்றுபோன இரவுகளில்,
கையுறைக்குள் சுடுதண்ணி நிரப்பித் துணி சுற்றி
இரண்டு பக்கமும் அணைகொடுத்து
விடியும்வரை வைத்திருந்ததைக் கண்டிருக்கிறேன்.
காலாவதியான உறைப்பெட்டி ஒன்று
எரிக்கிற குவியலில் கிடந்தது. ஏழரை அளவு.
களஞ்சியக்காரரிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.
கேட்டேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

தண்ணி கொதிக்கக் கூடாது.
மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்.
சுட்டால் ஆறவிடு.
நகம் பட்டால் உறை பொத்துப்போகும்,
பழைய சாரத்தில் இரண்டு சுற்றுச் சுற்று.
பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வை.
மறுபாதி வெறுமையாய்க் கிடக்கட்டும்.
சூடு கூடினால் விலகிப் போக
குட்டிக்கும் ஓர் இடம் வேண்டும்.
இதை இந்த ஊரில் விளக்கத் தேவையில்லை.

முடிச்சுத்தான் எனக்குச் சரிவராது. வழுக்கும்.
தவபாலன் வாங்கி
உறையின் வாயைப் பல்லில் கவ்வி
வலக்கையால் ஒரு சுழற்றுச் சுழற்றுவார். இறுகிவிடும்.
சப்பாத்து நாடா, பொலித்தீன் பை, நெல்மூட்டை,
பதினாறு வருடமாய் எல்லாம் அப்படித்தான்.
அவருடைய இடப்பக்கம் மணிக்கட்டோடு முடிகிறது.

ஊதிநின்ற உறையை விளக்குக்கு நேரே பிடித்தார்.
ஐந்து விரலும் விறைத்து, மங்கலாய், சூடாய்.
"இது இடக்கை," என்றார்.
அதற்கெல்லாம் இடம் வலம் பார்ப்பதா என்று
சொல்ல வாயெடுத்துப்
பெருவிரலைப் பார்த்தேன்.
ஓம். இடக்கைதான்.
பெட்டிக்குள் வைத்தார்.
சாரத்துக்கு வெளியே நீட்டிய சின்னவிரலை
நடுக்குட்டி தேடிப் பிடித்துச் சூப்பத் தொடங்கியது.
பாலில்லை என்று தெரிந்தும் விடவில்லை.

மூன்று மணிக்கு ஆறிவிடும்.
மாற்றவென்று எழும்பினேன்.
அடுப்படியில் கேத்தில் ஏற்கெனவே சூடு.
பெட்டிக்குள் புதுத்தண்ணியோடு வலக்கை உறை,
மூன்று குட்டியும் அதன்மேல் ஒரு குவியலாய்.
இடக்கை உறை
பாயில் படுத்திருந்தவரின் கையில்,
குளிருக்கு இழுக்கிற அந்த முனையில்,
துவாய்த் துண்டால் கட்டியிருந்தது.
முடிச்சில் பல்லின் ஈரம் காயவில்லை.
நான் கேத்திலை மூடிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

காலையில் கௌசி எடுத்தாள்.
பூனை மெத்தையில படுக்குதோ?
படுக்குது என்றேன். பொய்யில்லை.
வயர் வெட்டிய மெத்தையில் சீமெந்து
கால் நான்கையும் நீட்டிக் கிடந்தது,
பிள்ளைகளை வேறு யாரோ பார்க்கிறார்கள் என்ற நிம்மதியில்.
எத்தனையாம் நம்பரில போட்டு வைச்சிருக்கிறாய்?
கூட்டிப் போடாதே, கவனம் என்றாள்.

ஏழரை என்றேன்.