சுங்கப் படிவத்தில் ஒரு கை

இரண்டு கோப்பை மாவு, ஒரு கோப்பை உப்பு,
தண்ணீர் கண் அளவு.
மழலையர் பள்ளியில் கொடுத்தனுப்பிய துண்டுச்சீட்டில்
அவ்வளவுதான் இருந்தது.

கிளைப்பேடா துறைமுகத்தில்
முப்பது டன் கொள்கலனை
முட்டை வைப்பதுபோல் இறக்கி வைப்பவன் நான்.
மாவு என் பேச்சைக் கேட்கவில்லை.
முதலில் கஞ்சி. அப்புறம் சுண்ணாம்பு.
"திட்டாதே அப்பா, அதற்குக் காது இருக்கப் போகிறது"
என்றான் யோரிஸ்.

கோத்ரினாவுக்கு மூன்றரை வயது.
கையைப் பதி என்றேன், பதித்தாள்.
எடுக்காதே என்றேன், எடுத்தாள்.
திரும்ப அதே இடத்தில் வைத்தாள்,
அதே இடம் என்று அவள் நம்பிய இடத்தில்.
ஆறு விரல்.

உருட்டி மறுபடி செய்யலாமென்று நான் கை நீட்டியதும்
தட்டின்மேல் குப்புறக் கவிழ்ந்து காவல் காத்தாள்.
மூக்கு நுனியும் பதிந்தது.
"அம்மா எண்ணட்டும்."

அம்மா நார்வேயின் வடகோடியில்,
சால்மனுக்கு முள் எடுக்கும் மேசையில்,
இரண்டு கையுறைக்கு மேல் மூன்றாவது கையுறையோடு.
ஜனவரியில் போனாள்.
எங்களுக்கு அன்னையர் தினம் மே மாத முதல் ஞாயிறு.
அங்கே பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டதாம்.
"அந்த ஊரில் அம்மாக்கள் சீக்கிரம் வந்துவிடுவார்களா?"
இது யோரிஸ்.
நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

அவன் செய்தது ஒரு படகு.
உள்ளே புழு மாதிரி நெளிந்து கிடந்தது நான்.
ஏன்டா துடுப்புப் போடாமல் படுத்திருக்கிறேன்?
"ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்திருக்கிறாய்."

குறைந்த சூட்டில் மூன்று மணி நேரம்.
வீடு முழுக்க ரொட்டி வாசனை, தின்ன ஒன்றுமில்லை.
ஆறியதும் கோத்ரினா ஓரத்தை நக்கிப் பார்த்து
"கடல்" என்றாள்.
எங்கள் கடலில்கூட இவ்வளவு உப்புக் கிடையாது.

வைதா விட்டுப்போன கம்பளிக் காலுறைகளில்
இடது காலில் கை, வலது காலில் படகு.
பெட்டி கட்டி, பஸ் பிடித்து, தபால் நிலையம்.

நார்வே ஒன்றியத்துக்கு வெளியே, படிவம் வேண்டும்
என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த யுர்கிதா.
பொருள்?
மாவு, உப்பு.
உணவுப் பொருளா?
"இல்லை, நக்கினால் போதும்" என்றது
மேசைக்குக் கீழேயிருந்து ஒரு குரல்.
மதிப்பு?
பூஜ்யம் என்றேன். கணினி ஏற்காது என்றார்.
அப்படியானால் ஒரு யூரோ.
"விரலுக்கு ஒன்று" என்றது அதே குரல்.

யுர்கிதா பேனாவை நிறுத்தவில்லை.
எத்தனை விரல்?
"ஆறு."
அப்போதுதான் எழுந்து, எக்கி, கீழே எட்டிப் பார்த்தார்.
நீட்டிய இரண்டு கைகளையும்
விரல் விரலாகப் பார்த்துவிட்டு
உட்கார்ந்து எழுதினார்: 6.00.
"படகு?"
"அது சும்மா" என்றான் யோரிஸ்,
"அதில் அப்பாதானே இருக்கிறார்."
பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்,
அல்லது சிரித்தார்கள்.

ஒன்பதாம் நாள் அழைத்தாள்.
படகு இரண்டாகிவிட்டதாம்.
"நீ மட்டும் முழுசாக வந்து சேர்ந்தாய்,
தூக்கம் கலையவில்லை."
பின்னணியில் தண்ணீர், இரும்பு,
புரியாத மொழியில் யாரோ கூப்பிடுவது.
கை?
கை பத்திரம்.
"எண்ணு அம்மா!"

எண்ணினாள்.
ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே
மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அங்கே குளிர் அதிகம்.
மூன்று. நான்கு. ஐந்து.
ஆலைச் சங்கு ஊதியது.
"மீதியை வேலை முடிந்து எண்ணுகிறேன், செல்லம்."

கோத்ரினா தொலைபேசியைக் கீழே வைக்க விடவில்லை.
எனக்கும் அன்று ஷிஃப்ட் இல்லை.
ஒரேயொரு விரல் பாக்கிக்காக
மூன்று பேரும் விளக்கை அணைக்காமல்
சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தோம்.