பத்துக்கு ஆறு

வருமானம் கேட்டால் குரலைத் தாழ்த்துகிறார்கள்.
கட்சியைக் கேட்டால் உயர்த்துகிறார்கள்.
படிப்பைக் கேட்டால்
கதவின் கைப்பிடியைப் பார்க்கிறார்கள்.

விஸ்கான்சினின் வடக்கு ஓரம். பிப்ரவரி.
காகித ஆலை மூடி ஒன்பது வருடம்.
ஆனாலும் காற்று திரும்பினால்
வெந்த முட்டைக்கோஸ் நாற்றம் வருவதாக
எல்லாரும் சத்தியம் செய்யும் ஊர்.
வீட்டுக்கு இருபத்திரண்டு டாலர் எனக்கு.
கையுறையைக் கழற்றினால்தான்
திரை என் விரலை நம்பும்.

கடைசிப் பகுதி, சொற்கள்.
பத்துச் சொல். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடை.
பொருளுக்குப் பக்கத்தில் வருவது எது?
அந்தச் சொற்களை இங்கே எழுதக் கூடாது,
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
முதல் சொல் குழந்தைக்கும் தெரியும்.
ஒன்பதாவதை, இந்தப் பதினொரு வருடத்தில்,
கோபத்திலோ காதலிலோ
யாரும் பேசி நான் கேட்டதில்லை.

வெர்னல் ராட்கி, ஃபிரிட்ஜ் மெக்கானிக். நான்கு சரி.
ஐந்தாவதில் நின்று,
"இந்த வார்த்தையைச் சொல்ற ஆளு
எனக்கு பில் அனுப்புற ஆளாத்தான் இருப்பான்" என்றார்.
அப்படியொரு விடை பட்டியலில் இல்லை.
'தெரியாது' என்று குறித்தேன்.

ஏரி பார்த்த வீடு,
தரைக்கடியில் வெந்நீர் ஓடும் வீடு.
பல் சீரமைப்பு மருத்துவர் கொரின் ஆல்டஸ்.
பத்தும் சரி, நான் வாசித்து முடிக்கும் முன்பே.
இந்த வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறீர்கள்
என்ற கேள்விக்குத்தான் கொஞ்சம் யோசித்தார்.

கல் குவாரி ஹார்லன், பத்தாம் வகுப்போடு நின்றவர்.
அவர் வருமானத்துக்கு மேலே கட்டமே இல்லை.
சொல்லில் ஐந்து.
"பத்து வாங்குறவங்க
எட்டுப் பேர் என்கிட்ட சம்பளம் வாங்குறாங்க"
என்று சிரித்தார். சிரித்த பிறகு,
விட்டுப்போன ஐந்தையும்
திரும்பப் படிக்கச் சொன்னார்.

மருத்துவமனையில் இரவில் தரை துடைக்கும் ஸ்டென்கா,
வேறொரு நாட்டில் வேதியியல் முனைவர்.
அவளுடைய மூன்றாவது மொழியில் எட்டு.
'குடியுரிமை இல்லையெனில் கட்சிப் பகுதியைத் தாண்டவும்'
என்றது திரை. தாண்டினோம்.

வெர்னலும் கொரினும் ஒருவரையொருவர் அறியார்.
இரண்டு தேர்தலாக எதிரெதிர்ப் பலகை நட்டவர்கள்.
நான் பூட்ஸ் மாட்டக் குனிந்தபோது
இருவரும் கேட்டது ஒரே கேள்வி,
சொந்தக்காரர் வியாதியை விசாரிக்கும் மெல்லிய குரலில்:
"எந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு நிறையத் தெரியுது?"

வசந்தத்தில், கூட்டிக் கழித்து,
ஒரு பக்க அறிக்கை அனுப்பினார்கள்.
எங்கள் மாவட்டத்தில் இரு கட்சிக்கும் நடுவே
அரைச் சொல் வித்தியாசம்.
அரைச் சொல்.
எந்தச் சொல்லின் எந்தப் பாதி?
படிப்பைச் சமன்செய்தால் அது கால் சொல் ஆகிறது,
வயதையும் சேர்த்தால்
திரும்பி நின்று மறுபக்கம் பார்க்கிறது
என்று அடிக்குறிப்பு சொன்னது, எறும்பு எழுத்தில்.
அடிக்குறிப்பைப் பலகையில் எழுதி
யாரும் வாசலில் நடுவதில்லை.

உணவகத்தில் அந்த அரைச் சொல்லை வைத்து
ஒரு மேசை இன்னொரு மேசையைப் பார்த்துச் சிரித்தது.
"எண்ணினவன் எந்தக் கட்சி?" என்றது மறு மேசை.
அதுவும் நல்ல கேள்விதான்.

என் அண்ணனுக்கு
நான் மனசுக்குள் ஐந்து போட்டிருக்கிறேன்.
கேட்டதில்லை. வருடா வருடம்
அவன் வான்கோழி அறுக்கும்போது
ஐந்தை நாலாக்கி, காலை எனக்கு வைத்ததும்
மறுபடி ஐந்தாக்குவேன்.

பயிற்சியின் முதல் நாள், விடைகள் தெரியும் முன்,
எங்களையும் கேட்டார்கள். எனக்கு ஆறு.
என் கட்சியின் சராசரிக்கு
ஒரு முழுச் சொல் கீழே.
ஆக, அந்த அரைச் சொல் பெருமை
நான் சம்பாதித்ததில்லை. இரவல்.

இருந்தும் அறிக்கை வந்த அன்று,
தபால் பெட்டியருகே, உருகும் பனிச் சேற்றில்,
உறையைக் கிழித்து,
எண்ணைப் பார்த்து,
எதிர் வீட்டுப் பலகையைப் பார்த்து,
ஒரு கணம்
நிமிர்ந்தேன்.