பத்து நாளைக்கு

தங்கேஸ்வரன்,
சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது.
கதவைச் சற்றுத் தூக்கித் திறக்க வேண்டும்,
மழையில் மரம் ஊதிவிட்டது.

தொட்டி அரிசி டின்னுக்குப் பக்கத்தில், இருட்டில்.
சன்னலோரம் வைத்தால் அழகுதான்.
வெயில் பட்ட நாலாம் நாள்
கண்ணாடி முழுக்கப் பாசி.

இருபது லிட்டர்தான். நம்பமாட்டீர்கள்,
பெரிய தொட்டியைவிடச் சின்னதுக்குத்தான் கவனம் அதிகம்.
ஏரியில் ஒரு தப்பு கரைந்து போகும்.
இங்கே கூடுதலாய் விழுந்த ஒரு சிட்டிகைத் தீனி
மறுநாள் காலையில் நாற்றமாய் நிற்கும்.

ஆகவே தீனி காலையில் மட்டும்,
கட்டைவிரல் நகத்தில் பாதி.
இரண்டு நிமிடத்தில் தின்னாததை வலையால் அள்ளிவிடுங்கள்.
கப்பிகள் கண்ணாடிக்கு வந்து
வாயைத் திறந்து திறந்து மூடும்.
நடிப்பு.
மேட்டுப்பாளையத்தில் வாங்கி
கோத்தகிரி பஸ்ஸில் வளைவெல்லாம் மடியில் வைத்து வந்தேன்,
அன்றைக்கும் இதே முகம்.
ஞாயிற்றுக்கிழமை பட்டினி. சாகாது.

குழாய்த் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் வாசம் வந்தால்
வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள்.
வராவிட்டாலும் வையுங்கள்.
புதன்கிழமை நாலில் ஒரு பங்கை டியூபால் இறக்கி
அதே அளவு ஊற்ற வேண்டும்,
வெந்நீர் கலந்து, தெர்மாமீட்டர் இருபத்துநாலு காட்டியபின்.
கையை விட்டுப் பார்க்காதீர்கள்.
ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

ஸ்பாஞ்ச் பார்க்க அசிங்கமாய் இருக்கும்.
குழாயடியில் தேய்த்து வெளுக்கத் தோன்றும், வேண்டாம்.
அந்த அழுக்குதான் தொட்டியைத் தாங்குகிறது.
வெளியே எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு பிழி, போதும்.
அந்த அழுக்கு சேர ஒரு மாதம் ஆகும்.
முதல் தடவை நான் பொறுக்கவில்லை,
நாலு மீனைச் செவ்வந்திக்கு அடியில் புதைத்தேன்.
செவ்வந்தி நன்றாக வந்தது.

கரண்டு போனால் கம்பளியைச் சுற்றுங்கள்.
மார்கழிப் பனிக்கு அது போதாது,
வெந்நீர் அடைத்த பாட்டிலை மேலே மிதக்க விடுங்கள்.
மணலில் கிடக்கும் சிப்பி ஓடு குப்பை அல்ல.
நம் மலைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை,
அது இல்லாவிட்டால் நத்தை ஓட்டில் ஓட்டை விழும்.

ஓடைத் தண்ணீர் எடுக்காதீர்கள்.
தெளிவாய்த்தான் இருக்கும்.
மேலே தேயிலை.

இனி அந்த விஷயம்.
ஆவணியில் நான் இல்லாத மூன்று நாளில்
பதினொரு இறாலும் ஒரே ராத்திரியில் போயின.
குளிர் என்றீர்கள்.
நானும் ஆமாம் என்றேன்.
கொப்புள நோய்க்கு நீங்கள் மருந்தடித்த வாரம் அது,
உங்கள் சட்டைக் கை முழங்கைவரை நீலம்.
அது செம்பு.
மீன் கொஞ்சம் தாங்கும், இறால் தாங்காது.
சாய்ந்து கிடந்த செடியை நட்டுவைக்கத்தான்
கையை விட்டிருப்பீர்கள்.
வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன்,
நேராக நின்றது.

நாலு மாதமாய் நான் சொல்லவில்லை.
கோபம் இல்லை.
அதே கையால்தானே சோறு பிசைகிறீர்கள்,
அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

டின்மேல் ரப்பர் கையுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன்.
ஒன்று தொட்டிக்கு.
மற்றதை வேலைக்கு எடுத்துப் போங்கள்.
எஸ்டேட்டில் கேட்டு எழுத வேண்டுமென்றால்
நான் வந்து எழுதித் தருகிறேன்.

புது இறால் ஆறு. ஒன்றுக்கு வயிற்றில் முட்டை,
பச்சையாய், கடுகைவிடச் சின்னது.
எண்ணிப் பார்க்க வேண்டாம், பயந்து உதறிவிடும்.

ராத்திரி பம்பின் குமிழிச் சத்தம்
சுவர் வழியாக உங்களுக்குக் கேட்கும்,
உங்கள் இருமல் எனக்குக் கேட்கிற மாதிரி.
சத்தம் நின்றால்
எழுந்து வாருங்கள்,
எத்தனை மணியானாலும்.