மணற்காட்டில் அரை மணித்தியாலம்

கையெழுத்து வைக்கத் தந்த தாளில்
எலும்பு முறிந்தால் அது உங்கள் எலும்பு என்பதை
மூன்று மொழியிலும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.
மூன்றையும் வாசித்தார் சற்குணம்.
இருபத்திரண்டு வருசம் வவுனியா டிப்போவில்
பஸ் ஓட்டுகிற மனிசன்.
"ஆர் ஓட்டுறது?" என்று பெடியன் கேட்க
சாவிக்குக் கை நீட்டினது அவர்;
வாங்கினது நான்.

ஸ்கூட்டிக்கு மேலே எதையும் உருட்டியறியாத கை.
தலைக்கவசத்துக்குள்
எனக்கு முன்னே வந்துபோன யாரோ ஒருத்தியின்
நல்லெண்ணெய் வாசம்.
கதவில்லை, கண்ணாடியில்லை,
கூரை என்று சொல்ல நாலு இரும்புக் குழாய்.
வண்டி என்பதா இதை,
கோது கழற்றிய நண்டு என்பதா.

பெடியனின் பெயர் ஜெறின்சன்.
காலில் ரப்பர் செருப்பு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி,
அவன் வண்டியின் வாலில் ஒரு சிவப்புக் கொடி.
"கையைப் பொத்தினால் நிப்பாட்டுங்கோ.
விரிச்சால் மெதுவா.
என்ர தடத்தை விட்டு மட்டும் விலகாதேங்கோ அக்கா."

விலகாதேங்கோ என்றதும்
எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பழைய பலகை:
சிவப்பில் வெள்ளை மண்டையோடு.
எங்கள் முகத்தைப் பார்த்து அவன் சிரித்தான்.
"அது இல்லை அக்கா. அங்கால ஆமை முட்டை."

சவுக்கங்காடு தாண்டும்வரை
சம்பள நாளில் வங்கிக் கவுண்டரில்
தாள் எண்ணுகிற பதனத்தோடு உருட்டினேன்.
பிறகு மரங்கள் முடிந்து
மணல்.

முதல் மேடு.
ஏறும்போது மூக்குக்கு முன்னால் வானம் மட்டும்.
அப்பால் இறக்கமோ, கடலோ, ஒன்றுமே இல்லையோ,
கொடியின் நுனி ஒருதரம் ஆடி
மறைந்தது.
மிதித்தேன்.

வயிறு மேலேயே நிற்க
நாங்கள் கீழே போனோம்.
நான் போட்ட சத்தம் எனக்கே புதுசு.
ஓரக்கண்ணால் பார்த்தால்
சற்குணத்தின் வலது கால்
பிரேக் இல்லாத தகரத்தை
அழுத்திக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் மேட்டில் ஆசை கூடிப்போனது.
தடத்துக்கு ஒரு முழம் வெளியே பின்சில்லு.
சுழலச் சுழலத் தன் வளையைத் தானே தோண்டி
அச்சுவரை இறங்கிவிட்டது நண்டு.
இன்னும் மிதிக்கப் போனேன்.
"விடு" என்றார்.
புறப்பட்டதற்கு அவர் பேசிய முதற்சொல்.

முழங்காலில் இருந்து
வால்வில் ஒரு சவுக்கங்குச்சியைக் குத்தி
காது வைத்துக் கேட்டபடி காற்றை இறக்கினார்,
ஒவ்வொரு சில்லாக, அவசரமே இல்லாமல்.
காற்றுமானியோடு ஓடிவந்த ஜெறின்சன்
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.
மானியைத் திரும்பவும் பொக்கற்றுக்குள் வைத்தான்.
சப்பைச் சில்லோடு முனகி எழும்பியது வண்டி.
"இப்ப போ" என்று
இடப்பக்கமே ஏறினார்.

கரையை நெருங்க
முன்னால் பொத்திய கை.
என்ஜினை நிப்பாட்டச் சொன்னான்.
வேலி இல்லை, வாசல் இல்லை,
மணலுக்கு மேலே தோள்வரை தெரிகிற சிலுவைகள்.
"இதில தள்ளிக்கொண்டுதான் போறனாங்கள்."
முதல் அவனுடையதை, பிறகு எங்களுடையதை
மூன்று பேருமாகத் தள்ளினோம்.
கடல் இரைவது அப்போதுதான் கேட்டது,
இவ்வளவு நேரமும் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

ஒரு சிலுவைக்குக் கிட்ட
கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து
மாட்டிக்கொண்டான்.
பெயர் எதுவும் சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.
காசு கட்டும்போது பார்த்தேன்,
தள்ளின நேரத்தை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

பருத்தித்துறையில், வாடகை அறையில்,
காதில் மணல், பல்லில் மணல்,
தாலிக்கொடிப் பின்னலுக்குள் மணல்.
லைற் நூர்த்துக் கனநேரத்துக்குப் பிறகு
இருட்டுக்குள்ளிருந்து:
"அந்த முதல் மேட்டில
ஏன் நீ பிரேக் பிடிக்கேல்லை?"

"நீங்கள் பிடிச்சனீங்கள்தானே."